சிமெண்டு வெள்ளி

இரண்டு ஹாரன். அதற்கு மேல் அவர் அடிக்கமாட்டார். வாசலில் வேன் வந்து நிற்கும், பாம் பாம் என்று இரண்டு முறை சத்தம் வரும், அவ்வளவுதான். பிள்ளை வெளியே வரவில்லையென்றால் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவார். காலுறையைத் தேடுகிற பிள்ளைக்குக் காலுறையை எடுத்துக் கொடுப்பார். இன்னும் தலைவாரி முடிக்காத தாயைத் திட்டுவார். அடுப்பில் பால் பொங்கினால் போகிறபோக்கில் அதையும் அணைத்துவிட்டுப் போவார்.

"மூணாவது ஹாரன் சண்டைக்கு அடிக்கிறது டீச்சர். ரெண்டுக்கு வரலன்னா உள்ள ஏதோ சிக்கல்னு அர்த்தம். எறங்கிப் பாத்துடணும்" என்பார்.

கிள்ளானில் இருபது வருடத்துக்கு மேல் பள்ளி வேன் ஓட்டியவர். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் வேன் அக்கா. அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பந்திங் பக்கம் எஸ்டேட்டில் அவர் பிறந்தபோது, பெயரைப் பதிந்த கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், தன் காதில் விழுந்ததை எழுதிவைத்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் தாதி அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அக்கா திரும்பவே மாட்டார். "அது கிராணி வச்ச பேரு. கிராணி வந்து எழுந்திரிக்கட்டும்" என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. செத்தவரைப் பற்றி எழுதும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அவர் விஷயத்தில் அது செல்லாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'சைக்கிள்' என்று எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு 'மிதிவண்டி' என்று பத்து முறை எழுதச் சொல்கிற ரகம். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் மற்றவர்கள் பேச்சில் இருக்கும் ஆங்கிலத்தை மடித்து உள்ளே வைப்பார்கள். நோய் வந்து ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகும் அந்தக் குணம் ஓய்வு பெறவில்லை. அதனால் என்ன கேடு வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மார்பில் வந்த நோய் எனக்கு எலும்பையும் எட்டிப் பார்த்திருந்தது. இடுப்பில் ஒரு இடம். எலும்பு நொறுங்கிவிடாமல் இருக்க மாதம் ஒரு முறை கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுவார்கள். அரை மணி நேர வேலைதான். முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கைப்பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே இறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில், ஒரு கையில் ஊசியும் மறு கையில் கச்சான் கடலைப் பொட்டலமுமாக ஒரு அம்மாள்.

"மொத தடவையா?"

"ஆமாங்க."

"எனக்கு இது எட்டாவது சிமெண்டு."

"என்னது?"

"சிமெண்டு லா. எலும்புல வெடிப்பு வுட்டிருக்குல்ல. அதுக்கு ஊத்திப் பூசுறாங்க. எனக்கு முதுகுல ரெண்டு எடத்துல வெடிப்பு."

எனக்குப் பொறுக்கவில்லை. உயிர் போகிற பயத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எலும்புறுதி மருந்துநீர் என்று சொல்லலாம்" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ட்ரிப்பு எறங்கிடும் டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

பிறகு கச்சானை என் பக்கம் நீட்டிவிட்டு, இனி நடக்கப்போவதை ஒப்பித்தார். "இன்னிக்கு ஒன்னும் தெரியாது. நாளைக்குக் காலைல குளிரு ஏறும். அது பின்னாலயே காய்ச்ச ஏறும், அது எப்பவும் முன் சீட்டுலதான் ஒக்காரும். மத்தியானம் எலும்பு வலி. அது தனியா வராது, முதுகு, காலு, தோளுன்னு குடும்பத்தோட ஏறும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஒன்னொன்னா எறங்கிடுவாங்க. திங்கக்கிழம வண்டி காலி. யாரும் நம்ம வீட்டுல தங்க வரல டீச்சர். எல்லாம் பாசெஞ்சருங்க."

இந்த அம்மாள் எதையாவது பேசிக்கொண்டிருப்பவர் என்று நினைத்து ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். போகும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை, போனையே வாங்கித் தன் நம்பரை அழுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. காலையில் குளிர் ஏறியது. இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. பின்னாலேயே காய்ச்சல். மத்தியானம் கழிவறைக்குப் போக சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உடம்பில் இத்தனை எலும்பு இருக்கிறது என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் காய்ச்சல் மாத்திரை கூட வாங்கி வைத்திருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவர் வந்து மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. எலும்புக்கு என்று மருந்து போட்டுவிட்டு எலும்பு எலும்பாக வலிக்க வைப்பது என்ன வைத்தியம், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதானே என்று அழுதேன். இனி அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்றார். பாவம், அவருக்கும் என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது. ஹலோ கூட இல்லை.

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்கக்கா. ஆனா நான் இனிமே போறதா இல்ல."

"சரி சரி. உங்க வீடு எந்தப் பக்கம் டீச்சர்? எந்தச் சந்து, லோரோங் எத்தன?"

அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான்கு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் இரண்டு ஹாரன். நான் அசையவில்லை. அப்போது அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் போய்த் திறந்தார். கட்டம் போட்ட சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றவரைப் பார்த்து, கொசு மருந்து அடிக்க வந்திருக்கும் சுகாதார இலாகா ஆள் என்று நினைத்துத் தண்ணீர் டிரம்மைக் காட்டினாராம்.

அக்கா நேராக என் அறைக்கே வந்துவிட்டார்.

"கெளம்புங்க டீச்சர். வண்டில புள்ளைங்க இருக்கு."

"நான் வரலக்கா. அந்தக் காய்ச்சல இன்னொரு தடவ தாங்க முடியாது."

"மொத நாள் ஸ்கூலுக்குப் போற புள்ள வாந்தி எடுக்கும். அதுக்காக ஸ்கூல நிறுத்திடுவீங்களா? ஒடம்புக்கு மொத தடவ ஆளு தெரியல, அதான் கத்திருக்கு. அடுத்த தடவ அவ்வளவு கத்தாது. டாக்டரு அன்னிக்கே சொன்னாரு, நீங்க பயத்துல கேக்கல." சொல்லிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து என் காலணியை எடுத்து முன்னால் வைத்தார். "இடுப்பு எலும்பு ஒடஞ்சி படுத்தீங்கன்னா, நான் ரெண்டு இல்ல, இருவது ஹாரன் அடிச்சாலும் உங்களால எழுந்து வர முடியாது. யோசிச்சிக்கிங்க. ரெண்டு நிமிசம் இருக்கு."

நான் ஒரு நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன்.

வேனில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். கடைசி இருக்கையில் ஒரு சின்னப் பெண்ணுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவில் எனக்கு இடம். அவள் என்னை வெகு நேரம் ஆராய்ந்துவிட்டு, "நீங்க எந்த ஸ்கூலு?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி என்றேன். "ஹோம்வொர்க் இருக்கா?"

"இருக்கு" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. "போறதுக்குள்ள ஒரு போத்தல் தண்ணி குடிக்கணும். டீச்சரு குடிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டு வா."

அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் குடித்தேன்.

அந்த முறையும் காய்ச்சல் வந்தது. ஆனால் அக்கா சொன்னது போல முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் எங்கேயோ இருந்துவிட்டு ஞாயிறு காலையிலேயே இறங்கிப் போய்விட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சிமெண்டு வெள்ளி. மற்ற நாளில் மருந்து போட ஒத்துக்கொள்ளவே மாட்டார். வெள்ளி போட்டால் சனி ஞாயிறு காய்ச்சலுக்கு. திங்கட்கிழமை ஸ்டியரிங் பிடிக்க அவர் தயார். கவுண்டரில் இருந்தவர்கள் செவ்வாய், புதன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் வெள்ளியே கொடுத்துவிட்டார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுவோம். மதியம் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றிவர, பக்கத்துத் தெருவில் வேன் ஓட்டும் மலாய்க்கார அம்மாள் ஒருவர் இருந்தார். அக்கா அவரைக் காக் என்று, அதாவது மலாயில் அக்கா என்று, கூப்பிடுவார். அவரும் அக்காவை அக்கா என்றே கூப்பிடுவார். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

மருந்துக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரகத்துக்கு நல்லது என்பது டாக்டர் சொன்னது. குடித்த தண்ணீர் எங்கே வெளியேறும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. அதை அக்கா கவனித்துக்கொண்டார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனில் கழிவறை சுத்தம், எதில் தாழ்ப்பாள் இல்லை, எதில் சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வியாழக்கிழமையே போன் செய்து கேட்பார்: கஞ்சிக்கு அரிசி இருக்கிறதா, டாக்டர் எழுதிய காய்ச்சல் மாத்திரை இருக்கிறதா, சனிக்கிழமை யார் கல்யாணத்துக்காவது வருகிறேன் என்று வாயை விட்டிருக்கிறேனா. மருந்து முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுப்பார். மறுநாள் வாய்க்கு ஒன்றும் பிடிக்காது, இன்றைக்கே சாப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும். "யாரு யாரு ஏறிருக்காங்க?"

நானும் தேறிவிட்டிருந்தேன். "குளிரு ஏறியாச்சுக்கா. தோள் வலி ஒக்காந்திருக்கு. கால் வலிக்கு எடமில்ல, நின்னுக்கிட்டு வருது."

"எனக்கு இன்னிக்குக் காய்ச்ச வரல. லீவு போல" என்பார். அந்தப் பக்கம் அவர் பல் தடதடவென்று அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும். மற்றவர்களுக்கு என்ன ஏறியிருக்கிறது என்று நோண்டி நோண்டிக் கேட்பவர், தன் வண்டியில் மட்டும் எப்போதும் ஆளே இல்லை என்பார்.

இந்த மருந்து போடுகிறவர்கள் பல்லைச் சட்டென்று பிடுங்கிக்கொள்ளக் கூடாது, தாடை எலும்பு கெட்டுப்போகும். பல் டாக்டரிடம் போனால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அக்கா கிள்ளானில் ஒரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறக்குமுன், நான் சிமெண்டு போடுகிற ஆள் என்று மலாயில் கறாராகச் சொல்லியிருக்கிறார். அவர் அக்காவின் கையையும் சட்டையையும் பார்த்துவிட்டு, எந்தக் கட்டடத்தில் வேலை என்று கேட்டாராம். இதை எனக்குச் சொல்லும்போது சிரிப்பு தாங்காமல் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

இப்படியெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் என் தமிழ் வந்து குறுக்கே நின்றது.

மருந்தோடு தினமும் கால்சியம் மாத்திரை சாப்பிட வேண்டும். விரல் பருமனுக்கு ஒரு மாத்திரை. அக்காவுக்கு அது தொண்டையில் நிற்கும், இறங்கினால் வயிற்றைக் கட்டிவிடும். நாள் முழுவதும் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறவருக்கு அது சின்னத் தொல்லை அல்ல. ஒரு வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே கேட்டார்.

"கால்சியம் கால்சியம்னு உயிர எடுக்கிறாங்களே, அது என்னாதான் டீச்சர் அது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை நாள் காத்திருந்தேன்! "அது நம்ம சுண்ணாம்புச் சத்துதான்கா. தமிழ்ல எல்லாத்துக்கும் பேரு இருக்கு. நாமதான் சொல்றதில்ல."

"சுண்ணாம்பா? வெத்தலைக்குத் தடவுறமே, அதுவா?"

"அதுலயும் அதான் இருக்கு" என்றேன். பாடப்புத்தகப்படி அதில் பிழை இல்லை. அக்கா "ஓ" என்று மட்டும் சொன்னார். நானும் நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை ஒருவர் மனதில் ஏற்றிவிட்ட பெருமையில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு சிமெண்டு வெள்ளியன்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது கையை உதறினார். விரல்கள் மடங்கியபடியே நின்றன. மறு கையால் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

"என்னக்கா அது?"

"புதுசா ஒரு பாசெஞ்சர் டீச்சர். ஒதட்டுல குறுகுறுன்னு ஏறுறான், விரல்ல வந்து ஒக்காந்துக்கிறான். திங்கக்கிழமயாச்சு, செவ்வாயாச்சு, எறங்கவே மாட்டேங்கிறான்."

அவர் தன் வண்டியில் ஆள் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது அன்றுதான். அன்றைய இரத்தப் பரிசோதனையில் கால்சியம் மிகக் குறைவு. மருந்து போடாமல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயதுச் சீனர். அக்காவை ஆன்டி என்பார். கால்சியம் தினமும் சாப்பிடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். தினமும், காலையும் மாலையும் என்றார் அக்கா. தாதி கணினியைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதமாக மாத்திரை வாங்கியதாகவே இல்லையே என்றாள்.

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இனி ஆப்பா, ஆன்டி?" இது என்ன என்கிறார்.

"கால்சியம் லா டாக்டர். கால்சியம் இந்தியா." பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "சிக்கு சொன்னாங்க" என்றார்.

மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்பார்கள். அன்று நான் சிக்கிய சிக்கு வேறு. டாக்டர் என்னைப் பார்த்தார். தாதியும் பார்த்தாள், அவள் தமிழ்ப் பெண், விஷயம் புரிந்து கோப்பால் வாயை மூடிக்கொண்டாள். பாக்கு சேர்க்காமல், புகையிலை இல்லாமல், வெற்றிலையில் சுண்ணாம்பை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தடவி, வேளை தவறாமல் மென்றிருக்கிறார் அக்கா. டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கன்னத்தின் உள்ளே வெந்து வெள்ளையாகப் புண்.

கையோடு நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். சுண்ணாம்பு எலும்புக்குப் போகாது, வாயைத்தான் வேகவைக்கும் என்றார் டாக்டர். இந்த மருந்து போடுகிறவர்களுக்கு வாய்ப்புண் தாடைவரை போனால் ஆபத்து, ஆறும்வரை மருந்து கிடையாது என்றார். பிறகு, விரல் இழுத்துக்கொள்கிறவர் பிள்ளைகளை வைத்து வண்டி ஓட்டக் கூடாது, மூன்று வாரம் கழித்து இரத்தம் பார்த்து, சரியாக இருந்தால்தான் ஸ்டியரிங் என்றார். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அக்கா, அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

என் வீட்டுக்காரர் ரயிலேறி வந்து வேனை ஓட்டிக்கொண்டு போனார். அக்கா கடைசி இருக்கையில், என் பழைய இடத்தில் உட்கார்ந்து வந்தார். நான் பக்கத்தில். என் வாயை நான் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"என்னாலதான்கா எல்லாம்."

"நீங்க பேருதான் சொன்னீங்க. வாயில போட்டது நானு." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "ஆனா டீச்சர், இனிமே மருந்துக்கு மட்டும் தமிழ் சொல்லாதீங்க."

அடுத்த மூன்று வாரம் நான் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். மருந்தகத்தில் கேட்டு, மென்று தின்கிற கால்சியமாக மாற்றி வாங்கினோம். வயிற்றுக்குப் பப்பாளிப்பழம். சாப்பிட்டு முடிக்கும்வரை பரீட்சைக் கண்காணிப்பாளர் மாதிரி எதிரில் நிற்பேன். "முழுங்கியாச்சு, நாக்கக் காட்டவா?" என்பார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே தீர்ந்துவிடும். காக்தான் அக்காவின் வேன் பிள்ளைகளையும் சேர்த்து இரண்டு நடை ஓட்டினார். ஒரு நாள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். காலை ஆறரை. அக்கா கட்டம் போட்ட சட்டையும் விசிலும் போட்டுக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். காக்கின் வேன் தெருவைக் கடந்து போனது. பிள்ளைகள் ஜன்னல் வழியே கையை ஆட்டினார்கள். அக்காவும் ஆட்டினார்.

"நோவு வந்து ரெண்டு வருசமாச்சு. ஒரு நாளு கூட நான் நோயாளின்னு தோணுனதில்ல டீச்சர்" என்றார். "ஓட்டாட்டி, நான் நோயாளி மட்டுந்தான்."

நான் கால்சியம் மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தேன்.

இரத்தம் பார்க்கிற வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபது வருடமாக என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து நான் ஓட்டியது பாசார் சந்தைக்கும் கோயிலுக்கும்தான். எங்கள் சின்னக் காரைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். பதற்றத்தில் மூன்று அடித்துவிட்டேன்.

அக்கா கேட்டைப் பூட்டிக்கொண்டே, "மூணா? சண்டைக்கா வந்தீங்க?" என்றார்.

நெடுஞ்சாலையில் இடது ஓரமாகவே ஊர்ந்தேன். லோரிகள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு மோட்டார்சைக்கிள்காரர் என்னைக் குனிந்து பார்த்துவிட்டே போனார். அக்கா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். நடுவில் ஒரு தடவை மட்டும், "அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்துங்க, தாப்பா நல்லா இருக்கும்" என்றார். எனக்காகத்தான் சொன்னார்.

இரத்தம் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கிராணி வைத்த பெயரை அழைத்தார்கள். முதல் அழைப்பிலேயே எழுந்துவிட்டார். அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் வாயைப் பார்த்தார். புண் ஆறியிருந்தது. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். அக்கா பத்து விரலையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல மடக்கி, விரித்துக் காட்டினார். டாக்டர் கணினியைத் திருப்பி எண்ணைக் காட்டினார். "கால்சியம் சரியாகிவிட்டது ஆன்டி. அடுத்த வெள்ளி மருந்து போடலாம்."

"ஓட்டலாமா?"

"ஓட்டலாம்."

"இன்னிக்கேவா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே, இன்றைக்கே ஓட்டலாம் என்றார். என்னைப் பார்த்து, சிக்கு, இனிமேல் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கார் நிறுத்துமிடம்வரை அக்கா எனக்கு முன்னால் நடந்தார். முதுகில் இரண்டு வெடிப்பு உள்ளவர் நடக்கிற நடையா அது! நான் கார்க் கதவைத் திறக்கப் போனேன். என் முன்னால் ஒரு கை நீண்டது.

"சாவி."

"அக்கா, வரும்போது நான்தானே..."

"வரும்போது பாத்தேன். குடுங்க."

கொடுத்தேன். அவர் உட்கார்ந்து இருக்கையைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். பத்து விரலையும் ஸ்டியரிங்மேல் வைத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். நான் வெளியே வெயிலில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் போய் ஏற வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு மறைத்தது.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. என்னைப் பார்த்து இரண்டு ஹாரன் அடித்தார்.

கார் நிறுத்துமிடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.